கடலவைக்கு யாரை அனுப்புவது?

ஊர்ப் பொதுக் காரியங்களுள் எளிதென்று பலரும் எண்ணுவதும், இறங்கிப் பார்த்தால் கடினமாயிருப்பதும் ஒன்று உண்டு. ஊருக்காகப் பேச ஒருவரைத் தெரிந்தெடுத்து அனுப்புவதே அது. பள்ளிவாசலுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பப் பணம் திரட்டிவிடலாம். ஊருணியைத் தூர்வார ஆள் சேர்த்துவிடலாம். "எங்கள் அனைவர் சார்பிலும் இவர் பேசுவார்" என்று ஒருவரைச் சுட்டிக்காட்டும்பொழுதோ, நமது நாவையே அவரிடம் அமானிதமாக ஒப்படைத்துவிடுகிறோம். நகையை ஒப்படைக்க ஆயிரம் முறை யோசிக்கும் நாம், நாவை ஒப்படைக்க அரை நாழிகைகூட யோசிப்பதில்லை.

கரையோரம் வாழும் நமக்கு இப்பொறுப்பு அண்மைக் காலத்தில் புதியதொரு வடிவில் வந்து சேர்ந்திருக்கிறது. கடலின் சில பகுதிகளைப் பாதுகாப்புக்குரியவை என்று அரசு அறிவிக்கிறது. அவற்றை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு ஆலோசனை கூறக் குழுக்கள் அமைகின்றன. அக்குழுக்களில் அமர ஊர்ப் பிரதிநிதிகள் வேண்டுமென்று கேட்கப்படுகிறது. மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்து, அவ்வட்டாரத்துப் பள்ளிகளிலேயே ஆசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன் நான். இத்தகைய தெரிவு எங்கள் ஊரில் இருமுறை நடந்ததைக் கண்டவன். அவ்விரண்டுக்கும் இடையே நான் கண்ட வேற்றுமை கரையோரத்துக் குடும்பங்கள் யாவும் அறிந்துகொள்ளத் தக்கது என்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

கடலுக்கு எல்லை வந்த வரலாறு

இராமேசுவரத்துக்கு அருகிலிருந்து தூத்துக்குடி வரையில், கரைக்கு அப்பால் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளை நம் முன்னோர் நன்கறிவர். குருசடை, மனோலி, முசல் தீவு, முள்ளி, வாலை, தலையாரி, அப்பா தீவு, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காசுவார் என்று அவற்றின் பெயர்களை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாய்பாட்டுக்கு முன்னரே மனனம் செய்துவிடுவார்கள். இத்தீவுகளையும் இவற்றைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பினைத் தமிழக அரசு 1986-ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் அதனை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

இப்பாதுகாப்பு வேண்டாதது என்று நான் ஒருபொழுதும் சொல்லேன். பவளப் பாறைகளை வெட்டித் தோணி தோணியாகக் கொண்டுவந்து சுண்ணாம்புக்கு எரித்த காலம் ஒன்றிருந்தது. இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருள் மூழ்கிப் போயின. இழுவை மடி பூட்டிய விசைப்படகுகள் கடற்புல் தரையை உழுது தள்ளியதும், அப்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசு அரிதாகிப் போனதும் கரையோரத்தார் கண்முன் நடந்தவை. பார் அழிந்தால் மீன் ஏது? மீன் இல்லையேல் மீனவன் ஏது?

நம்மவர்க்கு இக்கடலோடு உள்ள உறவு நெடியது. கீழக்கரை வட்டாரத்து முஸ்லிம் குளியாளிகள் முத்துக் குளிப்பதிலும் சங்கு குளிப்பதிலும் பெயர் பெற்றவர்கள். சென்னை மாகாண மீன்துறையில் பணிபுரிந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ஆம் ஆண்டு வெளியிட்ட சங்கு பற்றிய நூலிலும் அவர்களைக் காணலாம். தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-இல். பிறகு சங்கு மட்டுமே எஞ்சிற்று. எடுத்த சங்கை அளவு பார்த்து, சிறியதைக் கடலுக்கே திருப்பிவிடும் ஏற்பாடு சங்குச் சலாபத்தில் வெகு காலமாக இருந்தது. ஆகவே, கடலைக் காக்கும் ஒழுங்கிற்குக் கட்டுப்படுவது நம் குளியாளிகளுக்குப் புதிதன்று.

புதிதாக வந்தது வேறொன்று. தம் தொழிலைக் குறித்த முடிவைத் தாம் கடலில் இருக்கும்பொழுது பிறர் செய்துவிட்டார்கள் என்று அறியும் நிலை அது. 2001-ஆம் ஆண்டு கடல் அட்டை வகைகள் யாவும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அட்டை எடுப்போர், அவிப்போர், உலர்த்துவோர், ஏற்றுமதி செய்வோர் என அதனை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் எங்கள் கரையில் பல. அம்முடிவின் நன்மை தீமையை நான் இங்கு ஆராயப் புகவில்லை. எங்கள் ஊரில் அட்டை எடுத்துப் பிழைத்தவர்கள், நேற்றுவரை தொழிலாயிருந்தது இன்று குற்றமாகிவிட்டதைக் கடைத்தெருவில் பிறர் சொல்லக் கேட்டே அறிந்தார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். சட்டம் அவர்களை எட்டிற்று. அவர்கள் குரல் சட்டத்தை எட்டவில்லை. இடையில் ஒரு பாலம் வேண்டியிருந்தது. ஆலோசனைக் குழு என்பது அத்தகைய பாலமாக இருக்கத் தக்கது. அதற்கு ஊரார் அனுப்பும் ஆள் சரியானவராக இருத்தல் வேண்டும்.

முதல் தெரிவு

சில ஆண்டுகளுக்கு முன், வட்டார ஆலோசனைக் கூட்டங்களில் அமர மூன்று பெயர்கள் வேண்டுமென்று எங்கள் ஊருக்கு ஒருவர் வந்தார். நான் அப்பொழுது வகுப்பில் இருந்தேன். பள்ளி வராந்தாவிலேயே கூட்டம் நடந்தபடியால், பாடம் சொல்லிக்கொண்டே அனைத்தையும் காண நேர்ந்தது. அன்று காற்று ஓய்ந்து, தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. அப்படிப்பட்ட நாளில் குளியாளி எவனும் கரையில் இரான். வத்தைகள் விடியுமுன்பே புறப்பட்டிருந்தன. பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கத் தண்ணீரில் இறங்கியிருந்தார்கள். எனவே வராந்தாவில் கூடியவர்கள், அந்த நேரத்தில் கரையில் இருக்க வசதி பெற்றவர்களே.

ஒரு மணி நேரத்திற்குள் மூன்று பெயர்கள் எழுதப்பட்டன. சங்கு வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர்; ஊராட்சியில் பொறுப்பு வகித்த ஒருவர்; பல படகுகளுக்கு உடைமையாளரான சம்மாட்டி ஒருவர். மூவரும் நல்லவர்கள். ஊருக்குச் செய்த உபகாரங்களால் நற்பெயர் ஈட்டியவர்கள். அம்மூவரில் ஒருவரும் கடலுக்குள் மூழ்கிப் பழகியவர் அல்லர். அதனை அப்பொழுது யாரும் ஒரு குறையாக எண்ணவில்லை. கண்ணியமானவரை முன்னிறுத்துவது நம் சமுதாயத்தின் பழக்கம். கல்யாணம் பேச யாரை அனுப்புவோமோ அவரையே கடலைப் பற்றிப் பேசவும் அனுப்பினோம்.

அவர்கள் சில கூட்டங்களுக்குச் சென்று வந்தார்கள். அங்கே என்ன பேசப்பட்டது என்று ஊரில் எவரும் கேட்கவில்லை, அவர்களும் கூறவில்லை. ஓராண்டு கழிந்தது. என் சாச்சா மகன், இருபத்தைந்து ஆண்டுகளாகச் சங்கு குளிப்பவர், ஒரு நாள் தீவொன்றின் அருகே மறிக்கப்பட்டார். எல்லைக்குள் வந்துவிட்டதாகக் கூறி, அன்று எடுத்த சங்கு முழுவதும் பறிமுதல் செய்யப்பட்டது. வத்தையை மீட்க அவர் பல நாள் அலைந்தார். அலைந்த நாட்களின் கூலியையும் சேர்த்தால் அவருக்கு ஏற்பட்ட இழப்பு, மகளின் திருமணத்திற்கென்று வைத்திருந்ததில் பாதிக்கு மேல்.

அன்றிரவு என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர் கேட்டார்: "காக்கா, நம்ம ஊருக்காக மூணு பேர் அங்க போய் உக்கார்ந்திருக்காங்கன்னு சொன்னீங்களே. கடலுக்குள்ள அந்த எல்லை எங்க இருக்குன்னு அவங்க ஒருத்தராவது கேட்டாங்களா?"

நான் மறுநாள் விசாரித்தேன். எல்லையைக் குறித்த வரைபடம் கூட்டத்தில் மேசைமேல் விரிக்கப்பட்டிருக்கிறது. அனைவரும் பார்த்திருக்கிறார்கள். தாளில் கோடு தெளிவாக இருந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. கோடு தாளில் இருக்கிறது, தண்ணீரில் இல்லை என்பது தண்ணீரில் இருப்பவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஐயம்.

சட்டம் யாரை அழைக்கிறது?

அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை. இத்தகைய குழுக்களைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படிக்கலானேன்.

நம் நாட்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1991-இல் செய்த திருத்தம், கடற்பகுதியைச் சரணாலயத்தில் சேர்க்கும்பொழுது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்த பின்னரே எல்லையைத் தீர்மானிக்க வேண்டும் என்று கூறிற்று. நல்ல வாசகம். தொழில் நலன் எது என்று எடுத்துச் சொல்ல மீனவனை அழைத்தார்களா என்று பார்த்தால், அங்கேதான் இடறுகிறது.

2002-ஆம் ஆண்டுத் திருத்தம் சரணாலயங்களுக்கு ஆலோசனைக் குழுக்களை வகுத்தது. தலைமை வனவுயிர்க் காப்பாளர் அல்லது அவர் நியமிக்கும் அலுவலர் தலைவர். அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், ஊராட்சி அமைப்புகளின் பிரதிநிதிகள் மூவர், தொண்டு நிறுவனங்களின் சார்பில் இருவர், வனவுயிர்ப் பாதுகாப்பில் ஈடுபட்டவர் மூவர், உள்துறையிலிருந்தும் கால்நடை மருத்துவத் துறையிலிருந்தும் ஒவ்வொருவர் என்று அப்பட்டியல் நீள்கிறது. வலை இழுப்பவருக்கென்றோ, குளியாளிக்கென்றோ, பாசி எடுப்பவருக்கென்றோ அதில் தனி இருக்கை இல்லை.

அதே திருத்தம், காப்பு ஒதுக்கிடம் என்ற புதிய வகையையும் கொண்டுவந்தது. உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பின்பே அதனை அறிவிக்க வேண்டும் என்பது விதி. அதன் மேலாண்மைக் குழுவில், எல்லைக்குட்பட்ட ஒவ்வோர் ஊராட்சியின் பிரதிநிதியும், தொண்டு நிறுவனத்தார் மூவரும், வேளாண்மைத் துறையிலிருந்தும் கால்நடைத் துறையிலிருந்தும் ஒவ்வொருவரும் இடம்பெறுவர் என்று வகுத்தார்கள். 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் பாக் விரிகுடாவில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரைக்கு அப்பால், 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பினைத் தமிழக அரசு கடற்பசுவுக்கான காப்பு ஒதுக்கிடமாக அறிவித்தபொழுது, அதற்குரிய சட்டமும் இதுவே. வயலும் மாடும் உள்ள நிலத்தை மனத்திற் கொண்டு எழுதிய பட்டியல் கடலுக்கும் வந்துவிட்டது. கடலில் ஏது கால்நடை என்று கேட்டால், கடற்பசு இருக்கிறதே என்று வேடிக்கையாக விடை சொல்லலாம். வேளாண்மைக்கு ஓர் இருக்கை உண்டு, மீன்பிடித்தலுக்கு இல்லை என்பதோ வேடிக்கையன்று.

நிற்க. சட்டம் போட்ட இருக்கைகள் இவ்வளவே ஆயினும், நம் கையில் ஒன்றும் இல்லை என்று சோர வேண்டியதில்லை. ஊராட்சிப் பிரதிநிதி என்ற இருக்கையில் யார் அமர்கிறார் என்பதில் ஊருக்குப் பங்குண்டு. மன்னார் வளைகுடாவில் சென்ற கால் நூற்றாண்டில் ஊர்தோறும் ஏற்பட்ட கடல்வளப் பாதுகாப்புக் குழுக்களில் நேரடியான இடமும் உண்டு. அவ்விடங்களை நாம் எவ்வாறு நிரப்புகிறோம் என்பதே கேள்வி.

கடல் கடந்த ஓர் ஏற்பாடு

பிற நாட்டார் இதனை எவ்வாறு செய்கிறார்கள் என்று தேடியபொழுது, அமெரிக்க நாட்டின் ஏற்பாடு என் கண்ணிற் பட்டது. நம் வனவுயிர்ச் சட்டம் பிறந்த அதே 1972-ஆம் ஆண்டிலேயே அவர்களுடைய கடற் சரணாலயச் சட்டமும் பிறந்தது வியப்பான ஒற்றுமை. 1990-இல் புளோரிடாத் தீவுக்கூட்டத்துச் சரணாலயத்துக்கென இயற்றிய சட்டத்தில் ஆலோசனை மன்றம் இடம்பெற்றது. 1992-இல் எல்லாக் கடற் சரணாலயங்களுக்கும் மன்றம் அமைக்க வழி செய்தார்கள். அதற்குப் பின் அறிவிக்கப்படும் சரணாலயங்களின் மன்றங்களில் 15 பேருக்கு மேல் உறுப்பினர் இருத்தலாகாது என்றும் வரையறுத்தார்கள்.

இம்மன்றங்களில் என்னைக் கவர்ந்தது ஒன்று. ஆளைத் தேடுமுன் இருக்கைக்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். தொழில்முறை மீன்பிடிப்பு ஓர் இருக்கை, சுற்றுலா ஓர் இருக்கை, கல்வி ஒன்று, ஆராய்ச்சி ஒன்று, இயற்கைப் பாதுகாப்பு ஒன்று. கலிபோர்னியக் கரையிலுள்ள சேனல் தீவுகள் சரணாலயத்தின் மன்றத்தில், அக்கடலோரத்தின் ஆதிக்குடிகளான சூமாஷ் மக்களுக்கும் இருக்கை உண்டு. இருக்கை காலியானால் பலரறிய விளம்பரம் செய்து விண்ணப்பம் கோருகிறார்கள். அத்துறையில் விண்ணப்பதாரருக்குள்ள அனுபவம், ஊரோடும் தொழிலோடும் அவருக்குள்ள தொடர்பு, கடலைக் காப்பது பற்றிய அவருடைய கருத்து ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். அவ்வட்டாரத்தில் எத்தனைக் காலமாக வாழ்கிறார் என்பதையும் கணக்கில் கொள்வதுண்டு. உறுப்பினர் வர இயலாத நாளில் அமர மாற்று உறுப்பினர் இருக்கிறார். கூட்டங்களுக்குப் பொதுமக்கள் யாரும் வரலாம். வாய்மொழியாகவோ எழுத்திலோ கருத்துக் கூறலாம். நடவடிக்கைக் குறிப்பு எழுதி வைக்கப்பட வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ளது.

அங்கு எல்லாம் செவ்வையாக இருக்கிறது என்று நான் புகழவில்லை. விண்ணப்பித்தவருள் யாரை அமர்த்துவது என்பது முடிவில் அதிகாரிகளின் கையில்தான் இருக்கிறது. மன்றம் ஆலோசனைதான் கூறலாம், ஆணையிட முடியாது. உறுப்பினர்க்குச் சம்பளமும் இல்லை. சேனல் தீவுகளில் மீன்பிடி தடைசெய்யப்படும் பகுதிகளை வகுக்க மன்றத்தின் கீழ் ஒரு பணிக்குழு 1999 முதல் 2001 வரை கூடிற்று. மீனவரும் இயற்கைப் பாதுகாவலரும் நேருக்கு நேர் அமர்ந்து மாதக்கணக்கில் வாதிட்டார்கள். குறிக்கோள்களில் உடன்பட்டார்கள், எங்கே, எவ்வளவு பரப்பு என்பதில் உடன்படவில்லை. இரு தரப்பும் ஒத்த இடங்களையும் ஒவ்வாத இடங்களையும் படத்தில் குறித்து மேலே அனுப்பினார்கள். 2003-இல் கலிபோர்னிய அரசு தன் கடலெல்லைக்குள் தடைப் பகுதிகளை நடைமுறைப்படுத்திற்று. மீனவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. எந்த இடத்தில் அவர்கள் உடன்படவில்லை, ஏன் உடன்படவில்லை என்பது மட்டும் தாளில் நின்றது. எங்கள் ஊர்க் குளியாளிக்கு அதுகூட இல்லையே என்று எண்ணினேன்.

இரண்டாம் தெரிவு

மறுபடியும் பெயர் கேட்டு வந்தபொழுது, சாச்சா மகனின் வத்தை பிடிபட்ட கதை ஊராரின் நினைவில் இருந்தது. ஜமாஅத்தார் கூடி, உடனே பெயர் தர இயலாது, இரண்டு வாரம் தவணை வேண்டும் என்று கேட்டார்கள். தவணை கிடைத்தது.

எந்நாளில் கூடுவது என்பதே முதற் சிக்கல். எங்கள் தெருவார் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை. பக்கத்துத் தெருக் கிறிஸ்தவ மீனவர்க்கு ஞாயிறு ஓய்வு. பாசி எடுக்கும் பெண்களுக்கோ நீரின் ஏற்ற வற்றமே நாட்காட்டி. முடிவில், காற்று மாறிக் கடல் கலங்கி, குளிக்கவும் பாசி எடுக்கவும் முடியாத நாளொன்றில், அஸர் தொழுகைக்குப் பிறகு கூடினோம். முதன்முறை வராந்தாவில் கூடியவர்கள் பதினைந்து பேர் இருக்கலாம். இம்முறை பள்ளி மைதானம் நிறைந்துவிட்டது.

யாரை அனுப்புவது என்ற பேச்சை எடுக்குமுன், நம் ஊரில் கடலைக் கொண்டு பிழைப்போர் எத்தனை வகையினர் என்று கரும்பலகையில் எழுதினோம். சங்கு குளிப்போர், நாட்டுப்படகில் வலை விடுவோர், கரைவலை இழுப்போர், பாசி எடுப்போர், சரக்கை வாங்கி விற்போர் என ஐந்து வகை வந்தது. இருக்கைகளோ மூன்றே. அப்பொழுதுதான் உண்மையான வாதம் தொடங்கிற்று.

வாதத்தை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் முதன்முறை உறுப்பினராயிருந்த ஹாஜியார் அவர்களே. எழுந்து நின்று சொன்னார்: "என் பேரை எடுத்துடுங்க. சங்கோட விலை எனக்குத் தெரியும். சங்கு கிடக்குற இடம் எனக்குத் தெரியாது. இன்னொண்ணும் சொல்றேன். இங்க உள்ள குளியாளிகள் பாதிப்பேர் என்கிட்ட முன்பணம் வாங்கினவங்க. நான் உக்கார்ந்திருக்கிற சபையில அவங்க மனசுவிட்டுப் பேச மாட்டாங்க."

வியாபாரக் குடும்பங்கள் பல இவ்வேட்டை வாசிக்கின்றன என்பதை அறிவேன். அவர்கள் இவ்வார்த்தையைச் சற்றே நின்று கேட்க வேண்டுகிறேன். வியாபாரியின் நலனும் குளியாளியின் நலனும் பல இடங்களில் ஒன்றுதான். எல்லா இடங்களிலும் ஒன்றன்று. கடன்பட்டவன், கடன் கொடுத்தவர் முகம் பார்த்துத்தான் பேசுவான். ஆகவே, ஒரே மார்க்கத்தார், ஒரே மஹல்லாவினர் என்பதனாலேயே ஒருவர் மற்றவருக்காகப் பேசிவிட முடியும் என்று கொள்வது சரியாகாது. இதனை ஹாஜியார் அவர்களே எடுத்துரைத்தது எங்கள் ஊரின் நற்பேறு.

குளியாளிகள் தமக்குள் பேசி ஒருவரைச் சுட்டினார்கள். என் சாச்சா மகன் அல்லர். அவரினும் இளையவர், யாரிடமும் முன்பணம் வாங்காதவர். வலை விடுவோரும் கரைவலையாரும் ஓர் இருக்கையைப் பகிர்ந்துகொள்ள இசைந்தார்கள். ஒருவர் உறுப்பினர், மற்றவர் மாற்று. அடுத்த முறை இடம் மாறிக்கொள்ள வேண்டும். மூன்றாவது இருக்கையைப் பற்றித்தான் மனத்தாங்கல் எழுந்தது. பாசி எடுப்போர் பெண்கள். எங்கள் ஊரில் பெரும்பாலோர் பக்கத்துக் குடியிருப்பு இந்துப் பெண்கள். நமக்குரிய மூன்றில் ஒன்றை வெளியாருக்குக் கொடுப்பதா என்று முதியவர் ஒருவர் கேட்டார். பெண்கள் அந்தச் சபைக்குப் போய் என்ன பேசிவிடுவார்கள் என்று இன்னொருவர் கேட்டார்.

இவ்விடத்தில் நான் ஒரு செய்தியைச் சொன்னேன். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி என்னும் பாசி எடுக்கும் பெண்மணிக்கு, 2015-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் பரிசினை வழங்கிற்று. இக்கரைப் பாசிப் பெண்கள் பாசி மீண்டும் தழைக்க வேண்டும் என்று கருதி, மாதத்தில் பன்னிரண்டு நாட்களே எடுப்பதென்று தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டவர்கள். தம் கையால் தம் கூலியைக் குறைத்துக்கொண்டு கடலைக் காத்தவர்களைக் காட்டிலும் கடற்காப்பு அவைக்குத் தகுதியுடையார் யார்? அவர்கள் வெளியார் என்றால், தண்ணீர்க்குள் நமக்கும் அவர்களுக்கும் நடுவே வேலி எங்கே இருக்கிறது? கேட்டவர் சற்று நேரம் பேசாதிருந்து, பின் தலையசைத்தார்.

பாசிப் பெண்கள் தெரிந்தெடுத்தவர் ஐம்பது வயதுடைய அம்மையார். அவர் எழுந்து கேட்ட கேள்வி, நான் படித்த சட்டம் எதிலும் இல்லாதது. "வாத்தியாரய்யா, போறேன், பேசுறேன். போற அன்னிக்குப் பாசிக் கூலி போயிருமே. அதை யாரு குடுப்பா?" கூட்டத்தில் ஒரு கணம் பேச்சில்லை. மாதத்தில் பன்னிரண்டே நாள் உழைப்பவருக்கு ஒரு நாள் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. செல்வருக்கு மட்டும் எளிதாயிருக்கும் பதவி செல்வரிடமே போய்ச் சேரும். அன்று முடிவாயிற்று: குளியாளிக்கும் அம்மையாருக்கும், கூட்டத்துக்குச் செல்லும் நாளின் கூலியை ஊர்ப் பொது நிதியிலிருந்து கொடுப்பது, வலையார் தம் பிரதிநிதிக்குத் தாமே பங்கு பிரித்துக் கொடுப்பது.

இன்னும் சில ஏற்பாடுகளும் செய்தோம். ஆங்கிலத்தில் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் உடன் செல்வார். படித்துச் சொல்வார், பிரதிநிதிக்குப் பதிலாகப் பேச மாட்டார். சென்று வந்தவர்கள் அடுத்த வாரத்திற்குள் ஊரார் முன் நின்று, கேட்டதையும் சொன்னதையும் கூற வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை தெரிவு. ஒருவரே மூன்றாம் முறை அமரலாகாது.

முதற் கூட்டத்தில் வரைபடம் விரிக்கப்பட்டபொழுது, அம்மையார் அதனை வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தக் கோடு தண்ணிக்குள்ள எங்க இருக்கு? இடுப்பளவு தண்ணியில நிக்கிற எனக்கு எதை வச்சுத் தெரியும்?" என்று கேட்டாராம். குளியாளி, எந்தப் பாரை அடையாளமாகக் கொள்ளலாம், எங்கே மிதவை போட்டால் நீரோட்டத்தில் நிற்கும் என்று எடுத்துச் சொன்னாராம். கேள்வியும் பதிலும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறின. குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டு, வாசித்த பின்னரே மூவரும் கையொப்பமிட்டார்கள். மிதவை உடனே வந்துவிடவில்லை. இருப்பினும், கேள்வி இனிமேல் திண்ணைப் புலம்பல் அன்று. அரசின் ஏட்டில் பதிந்த கேள்வி. அதற்கு விடை சொல்ல ஒருவர் கடமைப்பட்டிருக்கிறார்.

நாம் கேட்க வேண்டியவை

பிரதிநிதி என்பவர் ஊரின் அழகைக் காட்டுவதற்காக அனுப்பப்படுபவர் அல்லர். தவறான விதி ஒன்று வந்தால் யாருடைய அடுப்பு அணையுமோ, அவரே அவ்விதியைக் குறித்துப் பேச முதல் உரிமை உடையவர். கல்வியும் செல்வமும் செல்வாக்கும் உடையோர் அவருக்குத் துணை நிற்கலாம், கடிதம் எழுதித் தரலாம், வழிச்செலவு கொடுக்கலாம். அவருடைய இருக்கையில் தாம் அமர்ந்துவிடலாகாது.

கரையோர ஊர்களிலுள்ள ஜமாஅத்தார்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். பெயர் கேட்டு யாரேனும் வந்தால், அன்றே கொடுத்துவிடாதீர்கள், தவணை கேளுங்கள். இன்று கரையில் இல்லாதவர் யார் யார் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். எந்தத் தொழிலுக்காக இந்த இருக்கை என்று பெயர் வைத்த பின் ஆளைத் தேடுங்கள். அவர் யாருக்கேனும் கடன்பட்டு வாய் அடைபட்டவரா என்று பாருங்கள். அவர் இழக்கும் கூலிக்கு வழி செய்யுங்கள். சென்று வந்தவரை ஊரார் முன் நிறுத்தி, என்ன பேசினீர்கள் என்று தவறாது கேளுங்கள். கேட்கும் ஊருக்கே உண்மையான பிரதிநிதி வாய்ப்பார்.

கடலையும் காக்க வேண்டும். கடலை நம்பியவனையும் காக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்ய வல்ல அறிவு அலுவலகத்தில் பாதி இருக்கிறது. மறுபாதி தண்ணீருக்குள் மூச்சடக்கி இருப்பவரிடம் இருக்கிறது. அந்த மறுபாதி சபைக்கு வந்து சேர வழி விடுவது நம் கையில் உள்ளது.